காலையில் அஞ்சு கேள்வி, கூடவே ஒரு உடம்புச் சேதி

கோபிசெட்டிபாளையம் தொலைபேசி நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது 'பி.பி.' என்றால் ஒரே அர்த்தம்தான். ட்ரங்க் கால், அதாவது வெளியூர் அழைப்பு, பதிவு செய்கிறவர் "இன்னார் வந்தால் மட்டும் பேசுகிறேன்" என்று சொன்னால் அது பி.பி. கால். அந்த ஆள் கிடைக்கிறவரைக்கும் நாங்கள் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருப்போம். இப்போது எங்கள் சொந்தத்தில் யார் வாயைத் திறந்தாலும் பி.பி. வருகிறது. அது வேற பி.பி.

இந்த இரண்டு பி.பி.யையும் சேர்த்துக் கட்டியதுதான் நான் தினமும் வாட்ஸப்பில் நடத்தும் அஞ்சு கேள்வி. 2020 ஊரடங்கில் பொழுது போகாமல் ஆரம்பித்தது. எட்டுப் பேரோடு தொடங்கி இப்போது முப்பத்திநாலு பேர். ஈரோட்டு அத்தை, காங்கயத்து மாமா, பெருந்துறைச் சித்தப்பா, அவிநாசிப் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கச்சி, பெங்களூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் அதில்தான். "நாங்களும் எங்க சொந்தத்துல ஆரம்பிக்கணும், எப்படிங்க செய்யறது" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லித் தொண்டை வற்றிப்போனதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் நேரம். காலை ஆறேகாலுக்குக் கேள்வி, ராத்திரி எட்டு மணிக்கு விடை. இந்த இரண்டையும் மாற்றாதீர்கள். எங்கள் பக்கம் வயதானவர்கள் நாலரைக்கே எழுந்து கட்டுத்தரைக்குப் போய்விடுவார்கள். ஆறேகாலுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து, காப்பித் தம்ளரோடு உட்காரும்போது போன் 'டிங்' என்று அடிக்க வேண்டும். ஒருநாள் ஆறேகால், ஒருநாள் எட்டு என்று போட்டால் பத்து நாளில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். விடையைச் சீக்கிரம் போட்டாலும் கெட்டுவிடும். சாயங்காலம் வரைக்கும் அந்தக் கேள்வி மனசுக்குள் ஓட வேண்டும். காட்டில் களை எடுக்கும்போது பக்கத்து ஆளிடம் கேட்க வேண்டும், பேரனிடம் கேட்க வேண்டும்.

அஞ்சுக்கு மேல் கேள்வி வேண்டாம். நான் ஆரம்பத்தில் பத்து போட்டேன். கம்பெனி வேலைக்குப் போகிற பிள்ளைகள் முதல் மூன்றுக்கு மட்டும் பதில் போட்டுவிட்டு நழுவினார்கள்.

அந்த அஞ்சையும் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: நம்ம ஊர்க் கேள்வி ஒன்று, அந்த வாரத்துச் செய்தியில் ஒன்று, உடம்பு பற்றி ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, கூகுளுக்குத் தெரியாதது ஒன்று.

நம்ம ஊர்க் கேள்விக்கு மெனக்கெடுங்கள். கூட்டம் அதற்குத்தான் வரும். கணித மேதை ராமானுஜன் எங்கே பிறந்தார் என்று கேட்டேன். படித்த பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் கும்பகோணம் என்று போட்டார்கள். 1887 டிசம்பர் 22, ஈரோடு. ஈரோட்டு அத்தை மட்டும் சரியாகச் சொன்னார். எப்படி அத்தை என்று கேட்டால், "வளந்தது கும்பகோணம்னா பொறந்தது அம்மா ஊரா இருக்கும் கண்ணு, தலைப்பிரசவத்துக்குப் பொம்பளை எங்க போவா?" என்றார். ராமானுஜன் பிறந்தது தாய்வழிப் பாட்டி தாத்தா வீட்டில்தான். விடை தெரியாவிட்டாலும் யோசித்து வந்து சேரக்கூடிய கேள்வி நல்ல கேள்வி. திருப்பூர் குமரன் பிறந்த ஊர் எது என்பதும் இந்த வகைதான். பேரிலேயே ஊர் இருப்பதால் எல்லோரும் ஏமாறுவார்கள். பிறந்தது சென்னிமலை, 1904. உயிர் விட்டது திருப்பூர், 1932 ஜனவரி.

விடை ஒன்றுதானா என்று போடும் முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். பவானிசாகர் அணை எத்தனை அடி என்று ஒருதரம் அசட்டையாகக் கேட்டுத் தொலைத்தேன். பாதிப் பேர் 105, பாதிப் பேர் 120. செய்தியில் சொல்லும் நீர்மட்டக் கணக்கு 105. அடியில் சகதிக்கென்று விட்ட 15 அடியையும் சேர்த்தால் 120. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. காங்கயத்து மாமா அன்றைக்கு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஆடியோ போட்டுக்கொண்டே இருந்தார். அதிலிருந்து "செய்தியில் சொல்லும் கணக்குப்படி" என்று கேள்வியிலேயே சேர்த்துவிடுகிறேன்.

அந்தச் சண்டையில் ஒரு லாபமும் உண்டு. இப்போது மழைக்காலத்தில் திங்கட்கிழமைதோறும் "இன்றைக்குப் பவானிசாகர் நீர்மட்டம் எத்தனை அடி?" என்று கேட்கிறேன். பேப்பர் பார்க்காமல் சொல்ல வேண்டும், யார் கிட்டத்தில் வருகிறாரோ அவருக்கு வெற்றி. பட்டதாரிகள் எல்லாம் தோற்று, அந்த அணையிலிருந்து வரும் எல்.பி.பி. (கீழ்பவானித் திட்டம்) வாய்க்கால் பாசனத்தில் பூமி வைத்திருப்பவர்கள் அரை அடி வித்தியாசத்தில் சொல்கிறார்கள். இந்த மாதிரி, படிக்காதவர் ஜெயிக்கிற கேள்வி வாரம் ஒன்றாவது இருக்கட்டும். அவர்கள் குரூப்பில் தங்க மாட்டார்கள் இல்லையென்றால்.

செய்திக் கேள்விக்கு எனக்கு ஒரே விதி: யார், எங்கே, எப்போது, எவ்வளவு என்று கேட்கலாம், ஏன் என்று கேட்கக் கூடாது. எங்கள் குரூப்பில் எல்லாக் கட்சியும் உண்டு. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கொடி, தம்பி ஒரு கொடி. 2025 செப்டம்பரில் குடியரசுத் துணைத் தலைவரானவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டேன். சி.பி. ராதாகிருஷ்ணன், திருப்பூர். அதோடு விடையை முடித்துவிட்டேன். அதற்கு மேல் ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்குக் குரூப் இரண்டாகியிருக்கும். அத்திக்கடவு அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டபோது, எத்தனை குளம் குட்டைக்குத் தண்ணீர் என்று கேட்டேன். 1,045. அவிநாசித் தங்கச்சி விடை போட்டதோடு நிற்காமல், தங்கள் ஊர்க் குட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். யார் கொண்டுவந்த திட்டம் என்று யாரோ ஆரம்பிக்கப் பார்த்தார்கள். "போச்சாது வுடுங்க, குட்டையைப் பாருங்க" என்று முடித்தேன். அதே மாதம் திருப்பூரில் பறவைகள் சரணாலயமாக இருக்கும் நஞ்சராயன் குளம், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதையும் கேட்டாயிற்று. பறவைக்குக் கட்சி இல்லை என்பதால் வம்பில்லை.

செய்தியை எங்கே எடுப்பது? வாட்ஸப்பில் வந்ததை எடுத்து வாட்ஸப்பில் கேட்காதீர்கள். இரட்டை அம்புக்குறி போட்டு, பலமுறை பகிரப்பட்டது என்று வருகிறதே, அதைப் பார்த்தாலே நான் ஒதுக்கிவிடுவேன். வீட்டுக்கு ஒரு பேப்பர் வருகிறது, எதிர்வீட்டில் வேறொரு பேப்பர். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் கேள்வி, இல்லாவிட்டால் இல்லை. எனக்கு இதற்குப் பத்து நிமிஷம் ஆகும். நேற்றைய செய்தியை இன்று கேட்பதை விட மூன்று நாள் பழசைக் கேட்பது மேல். முதல் நாள் வந்த எண்ணிக்கை மூன்றாம் நாள் மாறும்.

சரி, உடம்புக் கேள்வி. இங்கே நேர் எதிர். 'ஏன்' என்று மட்டும்தான் கேட்க வேண்டும். 'எந்த நோய்க்கு எந்தக் கீரை' என்று கேட்டால் ஆளுக்கொரு வைத்தியராகிவிடுவார்கள். நான் கேட்டதிலேயே எனக்குப் பிடித்தது இது: மூன்று மாதச் சர்க்கரை என்று ஒரு பரிசோதனை எடுக்கிறோமே, அது ஏன் மூன்று மாதம்? எங்கள் சொந்தத்தில் பத்துப் பேருக்கு மேல் வருடக்கணக்காக அதை எடுக்கிறார்கள். ஒருத்தருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ரத்தத்தின் சிவப்பணுவில் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. அந்த அணுவின் ஆயுள் கிட்டத்தட்ட 120 நாள். அதனால் அதில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடைசி இரண்டு மூன்று மாதக் கணக்கு தெரிந்துவிடும். முதல்நாள் மட்டும் பத்தியம் இருந்து ஏமாற்ற முடியாது.

இதை விடையாகப் போட்டபோது பெருந்துறைச் சித்தப்பா ஒரு வரி எழுதினார்: "வாய்க்கால்ல நஞ்சைக்கு ஆகஸ்ட் 15 தண்ணி வுட்டா அதும் 120 நாள்தானே அம்மிணி." அவ்வளவுதான். அதற்கப்புறம் எங்கள் குரூப்பில் யாருக்கும் அது மறக்கவில்லை. டிசம்பரில் தண்ணீர் நிற்கும்போது பரிசோதனைக்கும் போகிறார்கள். உங்கள் ஊரில் எதனோடு முடிச்சுப் போட முடியுமோ அதனோடு போடுங்கள். நெசவு ஊரென்றால் தறியோடு, தென்னை ஊரென்றால் காய் வெட்டுக்கு இத்தனை நாள் என்ற கணக்கோடு.

நவம்பர் 14 யாருக்குப் பிறந்தநாள் என்றும் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் எல்லோரும் நேரு என்று ஓடிவந்தார்கள். இன்னொருத்தர் இருக்கிறார் என்றேன். சாயங்காலம் வரை வரவில்லை. கனடாவின் பிரெடரிக் பாண்டிங். 1921-இல் இன்சுலினைக் கண்டுபிடித்த குழுவில் தலையானவர். உலகச் சர்க்கரை நோய் நாளை நவம்பர் 14-இல் வைத்தது அவருக்காகத்தான். அந்தக் குழுவினர் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் என்று டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தினமும் ஊசி போட்டுக்கொள்ளும் காங்கயத்து மாமா, அவர் மருந்துக்கடைச் சீட்டைப் போட்டோ பிடித்து, "அந்த ஒரு டாலர் எங்க போச்சுங்" என்று கீழே எழுதினார்.

நாய்க்கடிக் கேள்வியை வருடா வருடம் செப்டம்பர் 28-இல் கேட்டுவிடுகிறேன். வெறிநோய் நாள் அது, லூயி பாஸ்டர் இறந்த தேதி. கடித்தவுடன் முதலில் என்ன செய்வது? மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு என்று முதல் வருடம் வந்த பதில்களைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும், அப்புறம் நேராகத் தடுப்பூசிக்கு. இந்த மாதிரிக் கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தால் தப்பில்லை. 108 எல்லோருக்கும் தெரியும், 104 எதற்கு என்பதும் அப்படித் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியதுதான். தமிழ்நாட்டில் போனில் மருத்துவ ஆலோசனை கேட்கும் எண் அது.

பி.பி. பார்ப்பதைப் பற்றி ஒரு வாரம் முழுக்கக் கேட்டேன். பார்ப்பதற்கு முன் எத்தனை நிமிஷம் சும்மா உட்கார வேண்டும் (அஞ்சு), காப்பி குடித்து எவ்வளவு நேரம் கழித்து (அரை மணி), கை எந்த உயரத்தில் (நெஞ்சு மட்டத்துக்கு), கால்மேல் கால் போடலாமா (கூடாது), பேசலாமா (கூடவே கூடாது). கடைசிக் கேள்விதான் எங்கள் நங்கையாவுக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, உறைத்தது. கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு மருமகளைத் திட்டிக்கொண்டே பார்ப்பாராம்.

இனி உடம்புச் சேதி. கேள்வி அஞ்சுக்கும் கீழே ஒரே ஒரு வரி, என்னைப் பற்றியது. "இன்று காலை 132/84. முட்டி நேற்றை விடப் பரவாயில்லை." அவ்வளவுதான். நான் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள். விடையோடு சேர்த்து, "1. ஈரோடு, 2. தெரியல, 3. சிவப்பணு. சளி இருக்குது" என்று வரும். வயதானவர்களிடம் போனில் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார்கள். கேள்விக்குப் பதில் எழுதுகிற சாக்கில் வாலில் ஒட்டிக்கொண்டு வருவது நிஜம்.

இதில் நான் இரண்டு தப்புப் பண்ணினேன். சொல்லிவிடுகிறேன், நீங்கள் பண்ண வேண்டாம்.

முதல் தப்பு, மாத்திரைப் பேரை எழுதியது. மூன்று மாதச் சர்க்கரை 7.6-லிருந்து 6.9-க்கு வந்த சந்தோஷத்தில், டாக்டர் எந்த மாத்திரையை எவ்வளவு குறைத்தார் என்பது வரைக்கும் எழுதினேன். அதே மாத்திரை சாப்பிடும் சித்தப்பா அன்றைக்கு ராத்திரியே தனக்கும் பாதியாக்கிக்கொண்டார். மூன்று வாரம் கழித்துத் தலைசுற்றல், நாவறட்சி என்று போய் நின்றபோது டாக்டர் அவரைத் திட்ட, அவர் என்னைக் கைகாட்டினார். அன்றிலிருந்து எண் உண்டு, மாத்திரைப் பேர் கிடையாது. யார் போட்டாலும் அழித்துவிடுவேன். அட்மின் என்று ஒரு அதிகாரம் இருக்கிறதே, அதை இதற்கு மட்டும்தான் பயன்படுத்துவது.

இரண்டாவது தப்பு பெரிது. பெரியம்மா மகள் ஒருத்திக்கு மார்பில் கட்டி என்று பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் என்னிடம் மட்டும் சொன்னது. நான் நல்லெண்ணத்தில்தான், "அக்காவுக்காக எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்" என்று உடம்புச் சேதி வரியில் போட்டுவிட்டேன். வெளியூரில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த அவள் மகளுக்கு அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. கட்டி சாதாரணமானது என்று நாலாம் நாள் முடிவு வந்தது. ஆனால் அந்த நாலு நாளை நான் அந்தப் பெண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க முடியுமா? பஸ் ஏறி நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அக்கா காப்பி கொடுத்தாள், பேசினாள், ஒரு வருடம் குரூப்பில் பதில் மட்டும் போடவில்லை. அவரவர் உடம்புச் சேதியை அவரவர்தான் சொல்ல வேண்டும், புருஷன் பெண்டாட்டிக்குள்ளும்கூட. இதை நான் குரூப் முகப்பிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

கூகுளுக்குத் தெரியாத கேள்வி எப்படி வந்தது என்றால், மச்சான் ஒருவர் ஆறேகால் கேள்விக்கு ஆறு பதினாறுக்கே அஞ்சு விடையும் போட ஆரம்பித்தார். தேடித்தான் போடுகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். சொன்னால் கோபித்துக்கொள்வார், சம்பந்தி முறை வேறு. அதனால் ஒரு கேள்வி இப்படி வைத்தேன்: "அப்பாரு (தாத்தா) கட்டின பழைய வீட்டுத் திண்ணையில் எத்தனை தூண்?" மச்சான் வாயடைத்துப் போனார். ஆனால் குரூப் அன்றைக்குத்தான் உண்மையில் சூடுபிடித்தது. நாலு என்றார்கள், ஆறு என்றார்கள். அமத்தா (அம்மாவின் அம்மா) ஊரில் வண்டிமாட்டின் பேர் என்ன, மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்ட அன்று மழை பெய்தது எந்த வருடம், கச்சாயப் பலகாரத்துக்கு ஆத்தா எந்தப் படியில் அரிசி அளப்பார் என்று கேள்வி வளர்ந்துகொண்டே போகிறது. இவற்றுக்கு விடை எனக்கே தெரியாது. அதிகம் பேர் சொன்னது விடை என்று வைத்துக்கொள்கிறோம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அந்தச் சலுகை.

மதிப்பெண் போடாதீர்கள். முதல் வருடம் மாதக் கடைசியில் பட்டியல் போட்டுப் பரிசாக ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி கொடுத்தேன். இரண்டு கொழுந்தியாக்களுக்குள் அந்தத் தூக்குப்போசியால் வந்த மனத்தாங்கல் ஒரு வளைகாப்பு வரைக்கும் நீண்டது. இப்போது சரியாகச் சொன்னவருக்கு ஒரு பூ படம். அது போதும்.

பதில் போடாதவர்களைக் கவனியுங்கள். இது பழைய பி.பி. கால் வேலை. ராத்திரி எட்டு மணிக்கு விடை போடும்போது, தனியாக இருக்கிறவர்கள் ஏழு பேர் பேரை மட்டும் ஒரு பார்வை பார்ப்பேன். பதில் இல்லை என்றால் மறுநாள் காலை நானே கூப்பிடுவேன். எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டு எண். அந்த எண்களை முதலிலேயே வாங்கி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், போனில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு ஆடி மாதம் அந்தியூர்ப் பெரியப்பா இரண்டு நாள் பதில் போடவில்லை, போனும் அடித்து அடித்து நின்றது. அண்ணன் மகனை பைக்கில் விரட்டினேன். பெரியப்பா குருநாதசாமி தேர்த் திருவிழாச் சந்தையில் ஒரு குதிரையின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. வாங்குகிற எண்ணமும் இல்லை, வெறும் பார்வைதான். ஆனால் என்னால் அவருக்கு நல்ல திட்டு விழுந்தது.

கடைசியாக, உங்களுக்கே முடியாமல் போனால் யார் நடத்துவது என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். போன வருடம் எனக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு வாரம் போனைப் பார்க்கக் கூடாது என்று பிள்ளைகள் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். பத்தாவது படிக்கும் பேரனிடம் பொறுப்பைக் கொடுத்தேன். முதல் மூன்று நாள் முழுக்கக் கிரிக்கெட். ஈரோட்டு அத்தை எல்லாவற்றுக்கும் "தோனி" என்று போட்டு அஞ்சுக்கு இரண்டு சரியாகவும் வாங்கிவிட்டார். நாலாம் நாள் அவன் கூகுளுக்குத் தெரியாத கேள்வியாக இதைப் போட்டிருக்கிறான்: "அமத்தாவுக்கு ஆபரேஷன் செய்தது வலது கண்ணா, இடது கண்ணா?"

இருபத்தொன்பது பேர் பதில் போட்டிருந்தார்கள். பதினாறு பேர் தப்பு. ஆஸ்பத்திரிக்கு என்னை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய், முழுநாளும் பக்கத்திலேயே உட்கார்ந்து, கண்ணுக்கு மூன்று வேளையும் சொட்டு மருந்து விட்ட என் தம்பியும் அதில் ஒருவர்.